சோலாரில் மட்டும் ஓடும் வீட்டுக்கு எந்த டிஷ்வாஷர்? அவசரம்

மிளகுக்கொடி: வணக்கம். கரண்ட் கம்பமே வராத தோட்டத்து வீடு, முழுக்க சோலார்தான். டிஷ்வாஷர் வாங்க வேண்டும். இரண்டு மாடல் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு 100 தடவைக்கு 75 யூனிட், இன்னொன்றுக்கு 95 யூனிட் என்று போட்டிருக்கிறது. எதை வாங்கலாம்? ஞாயிறு திண்டுக்கல் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.

ஆம்பியர்72: இன்வெர்ட்டர் எத்தனை கேவிஏ? பேட்டரி எத்தனை வோல்ட்? பேனல் எவ்வளவு? இதெல்லாம் இல்லாமல் கேட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை வருடம் சொன்னாலும் புதிதாக வருபவர்கள் இதைப் படிப்பதே இல்லை.

சுனைநீர்: எந்த ஊர்? தண்ணீர்த் தொட்டி தரையிலிருந்து எத்தனை அடி உயரம்?

பகல்வெளிச்சம்: எதற்கும் முதலில் லித்தியம் பேட்டரிக்கு மாறிவிடுங்கள். டியூபுலர் ஆசிட் பேட்டரியில் சார்ஜைப் பாதி வரைதான் இறக்கலாம், லித்தியத்தில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம்.

மிளகுக்கொடி: பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம். பேனல் 2 கிலோவாட், இன்வெர்ட்டர் 2.5 கேவிஏ, 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி இரண்டு. இன்வெர்ட்டர் சைன்வேவ் வகைதான்.

ஆம்பியர்72: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். 2.5 கேவிஏ என்றால் கையில் சுமார் 2,000 வாட். பெரிய மெஷினின் பின்தகட்டைப் பாருங்கள், 2,000க்கு மேல்தான் போட்டிருக்கும். ஹீட்டர் போட்டதும் ட்ரிப் ஆகும். 75 யூனிட்டா 95 யூனிட்டா என்பது அப்புறம்தான், ஒரு கழுவலுக்கு கால் யூனிட்கூட வித்தியாசம் வராது. உங்கள் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 24 வோல்ட். அதில் 2,000 வாட் என்றால் இழப்பும் சேர்த்து பேட்டரியிலிருந்து 90 ஆம்பியர் போகும். 150 ஏஎச் டியூபுலருக்கு அது ரொம்ப அதிகம்.

கொல்லைப்புறம்: இவ்வளவு பாடு எதற்கு? சாம்பலும் தேங்காய் நாரும் போதும். இரண்டு வாளித் தண்ணீரில் வேலை முடியும்.

சுனைநீர்: வாளி வைத்துக் கழுவினால் சரி. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் மெஷினைவிட அதிகம் செலவாகும். மெஷினுக்கு ஒரு முழுக் கழுவலுக்குப் பத்து லிட்டர் ஆகும்.

கொல்லைப்புறம்: பித்தளைக் குடத்தை மெஷினில் போடுவீர்களா? இரும்புத் தோசைக்கல்லை?

பகல்வெளிச்சம்: இரண்டையும் போடக் கூடாது, கறுத்துவிடும், துருப்பிடிக்கும். அவர் கேட்டது எவர்சில்வருக்கு.

மிளகுக்கொடி: அம்மாவுக்கு முடக்குவாதம். கார்த்திகை மாதக் காலையில் தண்ணீரில் கை வைத்தால் அன்று மாலை வரை விரல் மடங்குவதில்லை. நான் தோட்டத்தில் இருக்கும்போது சொல்லாமல் கழுவிவிடுகிறார். அதனால்தான் கேட்டேன். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன்.

கொல்லைப்புறம்: மன்னியுங்கள் தம்பி, தெரியாமல் சொல்லிவிட்டேன். வாங்கிவிடுங்கள்.

சுனைநீர்: வாட்டர் ஹீட்டர் இருக்கிறதா! அப்படியானால் வெந்நீர்க் குழாயிலேயே மெஷினை இணையுங்கள். 60 டிகிரி வரை ஏற்கும் மாடல்கள் நிறைய உண்டு, புத்தகத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெந்நீர் உள்ளே போனால் ஹீட்டருக்கு வேலை குறையும். ஒன்று மட்டும்: அந்தப் பத்து லிட்டரை மெஷின் ஒரே மூச்சில் எடுக்காது, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு லிட்டர்தான் உறிஞ்சும். 20 மீட்டர் அரை இஞ்சுக் குழாயில் தேங்கிய பச்சைத் தண்ணீரே அவ்வளவு இருக்கும். அதனால் மெஷினுக்குப் பக்கத்தில் உள்ள வெந்நீர்க் குழாயைத் திறந்து, கை சுடும்வரை வாளியில் பிடித்துவிட்டு மெஷினைப் போடுங்கள்.

ஆம்பியர்72: சரியான யோசனை. மேசைமேல் வைக்கும் 6 செட் (ஆறு பேர் சாப்பிட்ட பாத்திரம் பிடிக்கும்) மெஷினாகப் பாருங்கள், சிலவற்றில் ஹீட்டர் 1,400 வாட்டுக்குள் இருக்கும். பகல் 11 முதல் 2 மணிக்குள் போடுங்கள். அந்த நேரம் தண்ணீர் மோட்டார் ஓடக் கூடாது. வெயில் இல்லாத நாளில் போட வேண்டாம்.

மிளகுக்கொடி: 6 செட் வாங்கிவிட்டேன், தகட்டில் 1,380 வாட். இன்று 12 மணிக்குப் போட்டேன், ட்ரிப் ஆகவில்லை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை மட்டும் மறுபடி தேய்த்தேன். எல்லோருக்கும் நன்றி.

சுனைநீர்: மகிழ்ச்சி. தொட்டி உயரம் கடைசிவரை சொல்லவில்லையே? பத்து அடிதான் என்றால் அழுத்தம் 0.3 பார், தண்ணீர் வரவில்லை என்று மெஷின் பாதியில் நின்றுவிடலாம். அளந்து சொல்லுங்கள்.