ஜனவரியில் ஐந்து முடிகிறது, பேச்சு வரவில்லை: முதலாம் தரத்தில் போடவா, ஒரு வருசம் வைத்திருக்கவா?

கொழுந்துக்கூடை:
எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். சின்னவனுக்கு வருகிற ஜனவரி 18-ல் ஐந்து முடிகிறது. 31-ஆம் திகதிக்குள் ஐந்து முடிந்திருந்தால் முதலாம் தரத்துக்கு எடுப்பார்கள், அந்தக் கணக்கில் பதின்மூன்று நாளில் உள்ளே வந்துவிட்டான். ஆனால் பேச்சு இல்லை. ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது, பத்துப் பன்னிரண்டு சொல் இருக்கிறது, அதுவும் எனக்கும் அவன் அக்காவுக்கும் மட்டும்தான் விளங்கும். தண்ணிக்கு ‘நா’ என்பான், மாமாவுக்கும் சில நேரம் அதே ‘நா’தான், மறுநாள் அந்தத் தண்ணியே ‘அத்தி’ ஆகிவிடும்.

போன விஜயதசமிக்கு ஏடு தொடக்கக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அரிசியில் விரலைப் பிடித்து எழுத வைத்துவிட்டு ஐயர் ‘அ சொல்லு ராசா’ என்றார். இவன் வாயைத் திறந்தான், மூடினான், உதட்டைக் குவித்தான், திரும்பத் திறந்தான், இருட்டில் சுவிட்சைத் தேடித் தடவுகிற மாதிரி. கடைசியில் ‘ம்’ என்று வந்தது. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் அவனே ‘ஆ ஆ’ என்று கத்துகிறான், அதுதான் எனக்கு ஆத்திரம்.

காது பார்த்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபி மிஸ் இதற்கு அப்ராக்ஸியா என்று பெயர் சொன்னார். அவர் சிங்களம், எனக்குச் சிங்களம் அரைகுறை, நர்ஸ் அக்கா நடுவில் நின்று சொன்னதில் பாதிதான் விளங்கியது. ஆறு கிழமைக்கு ஒரு தடவைதான் கிளினிக். விடிய ஐந்தரைக்குக் கிளம்பி, லிந்துலை, நானுஓயா என்று பஸ்ஸில் ஆடிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய், இருபது நிமிசம் பார்த்துவிட்டுத் திரும்பினால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு.

மிஸ் ஜனவரியில் ஸ்கூலுக்கு அனுப்பு என்கிறார். மாமியாரும் முன்பள்ளி டீச்சரும் ஒரு வருசம் கழித்து அனுப்பு, பேச்சு வரட்டும் என்கிறார்கள். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நிற்கிறார், உன் இஷ்டம் என்று போனை வைத்துவிட்டார். இந்த நிலைமையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிமூட்டம்:
தங்கச்சி, அனுப்பாதே. நான் அனுப்பினேன், அதனால் சொல்கிறேன்.

என் மூத்தவன் இதே கேஸ். ஐந்து முடிந்ததும் சட்டமாச்சே என்று போட்டோம். வகுப்பில் நாற்பதுக்குக் கிட்ட பிள்ளைகள். இரண்டாம் கிழமையே ‘ஊமையன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் ஒன்றுக்குப் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த வாங்கிலேயே போய்விட்டான். டீச்சர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை, துணியை மாற்றிவிட்டார், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் பேசிக்கொண்டிருந்த ஏழெட்டுச் சொல்லும் நின்றுபோனது. காலையில் சப்பாத்தை எடுத்தால் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான். திரும்ப வாயைத் திறக்க எட்டு மாசம் ஆனது. ஒரு வருசம் பிந்தினால் யாரும் செத்துப்போவதில்லை.

சோக்குக்கட்டி:
பண்டாரவளைப் பக்கம் முதலாம் தரம் எடுக்கிறேன், பதினொரு வருசமாக. பனிமூட்டம் அண்ணன் சொன்னதைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அது பள்ளிக்கூடம் தயாராகாததால் வந்தது, பிள்ளையின் வயதால் வந்ததில்லை. அதே பிள்ளையை ஆறு வயதில் அதே வகுப்பில் விட்டிருந்தால் வாங்கு நனையாமல் இருந்திருக்குமா?

தங்கச்சி, ஒரு கணக்கு பாருங்கள். வைத்திருந்தால் அடுத்த ஜனவரி 18-ல் அவனுக்கு ஆறு முடிந்துவிடும். ஜனவரி 31-ல் ஐந்து முடிந்து ஆறு முடியாத பிள்ளைகளைத்தான் முதலில் எடுப்பார்கள், ஆறு தாண்டியவர்களை இடம் மிஞ்சினால்தான். கட்டாயக் கல்வி வயதும் ஐந்திலேயே தொடங்குகிறது, 2016-ல் மேல் எல்லையைத்தான் 16-ஆகக் கூட்டினார்கள்.

அப்புறம், முதலாம் தரத்தில் முதல் கிழமைகளில் நாங்கள் யாரையும் பேச வைத்துச் சோதிப்பதில்லை. விளையாட்டு, பாட்டு, படம், களிமண். என் வகுப்பில் ஒவ்வொரு வருசமும் வாயே திறக்காத இரண்டு பிள்ளைகளாவது இருக்கும், காரணம் வேறு வேறு.

பனிமூட்டம்:
டீச்சர், சட்டம் ஒருநாளும் பள்ளிக்கூடப் பக்கமே வராத பிள்ளைக்கு. ஒரு வருசம் பிந்தினவனைத் தேடி எந்த உத்தியோகத்தரும் லயத்து வீடுகளுக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் மிஞ்சாதா? எங்கள் பக்கம் இரண்டு வகுப்பை ஒரே டீச்சர் பார்க்கிறார், பிள்ளை வந்தால் போதும் என்று அதிபர் வாசலில் நிற்கிறார். களிமண் எல்லாம் உங்கள் டவுன் ஸ்கூலுக்குச் சரி.

கவ்வாத்துக்கத்தி:
எனக்கு எழுபத்தொன்று. எங்கள் காலத்தில் இந்தப் பெயரெல்லாம் இல்லை. என் இளையவன் ஆறு வயதில்தான் ‘அப்பா’ என்றான், இப்போது டுபாயில் இருந்துகொண்டு அரபியிலும் பேசுகிறான். வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவு மகளே. அடிநாக்கு ஒட்டியிருக்கிறதா என்றும் பார், ஒட்டியிருந்தால் டாக்டர் வெட்டிவிடுவார். பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடாது.

ஹட்டன் பிள்ளை:
நான் ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு சிகிச்சை படித்தவள், இப்போது வேறு மாவட்டத்தில் வேலை. பிள்ளையைப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கமாட்டேன், உங்கள் மிஸ் வைத்த பெயரை வைத்துப் பேசுகிறேன்.

தாத்தா, பிந்திப் பேசின பிள்ளைகள் நிறையப் பேர் தானாகவே பிடித்துக்கொள்வார்கள், உண்மைதான். உங்கள் மகன் அந்த ரகமாக இருந்திருக்கலாம். நாலு வயதில் ஒரு பிள்ளை பேசுவது பக்கத்து வீட்டுக்காரருக்கும் பெரும்பாலும் விளங்கவேண்டும், ஐந்திலும் விளங்கவில்லை என்றால் காத்திருக்கிற கட்டம் முடிந்துவிட்டது. ழ, ற சரியாக வராதது வேறு விசயம், அது பிந்தி வருகிற எழுத்துதான். வசம்பு வேண்டவே வேண்டாம்.

அப்ராக்ஸியாவில் நாக்கு ஒட்டியிருப்பதும் இல்லை, தசை பலவீனமும் இல்லை. எதைச் சொல்லவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கு உதட்டையும் நாக்கையும் தாடையையும் எந்த வரிசையில் அசைப்பது என்று மூளை போடுகிற திட்டம்தான் குழம்புகிறது. அதனால்தான் அக்கா, தண்ணி ஒருநாள் ‘நா’, மறுநாள் ‘அத்தி’. ஆட்டுக்குட்டியைக் கண்டு தானாக வந்த ‘ஆ’, ஐயர் சொல்லு என்றதும் வராமல் போனதும் அதனால்தான். அவன் வீம்பு பிடிக்கவில்லை. ‘சொல்லு, சொன்னால்தான் தருவேன்’ என்று மட்டும் யாரையும் செய்யவிடாதீர்கள்.

ஸ்கூல் விசயம். 1990-ல் பிரிட்டனில் டோரதி பிஷப், கேத்தரின் ஆடம்ஸ் என்ற இரண்டு பேர், பேச்சு வளர்ச்சியில் பின்தங்கின பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். ஐந்தரை வயதுக்குள் சிக்கல் தீர்ந்த பிள்ளைகள் எட்டரை வயதில் பெரும்பாலும் நன்றாக வாசித்தார்கள். ஐந்தரையிலும் சிக்கல் மீதி இருந்தவர்கள் வாசிப்பில் தடுமாறினார்கள்.

பனிமூட்டம்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஐந்தரை வரை வீட்டில் வைத்துப் பேச்சைச் சரியாக்கிவிட்டு அனுப்பு. உங்கள் படிப்பே என் பக்கம் பேசுகிறது.

ஹட்டன் பிள்ளை:
அண்ணா, சரியாக்குவது எங்கே வைத்து? கடுமையான அப்ராக்ஸியாவுக்குக் கிழமைக்கு மூன்று முதல் ஐந்து தடவை தனியாகப் பயிற்சி வேண்டும் என்பதுதான் எங்கள் துறையில் பொதுவாகச் சொல்வது. மூன்று என்று வைத்தாலும் மாசம் பன்னிரண்டு. அக்காவுக்குக் கிடைப்பது வருசத்துக்கே எட்டோ ஒன்பதோ. பேச்சு வந்தபிறகு ஸ்கூல் என்றால் இந்த வேகத்தில் எந்த வருசம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஸ்கூல் மருந்து என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருப்பதும் மருந்தில்லை.

சோக்குக்கட்டி:
நான் கேட்க நினைத்ததும் அதுதான். தங்கச்சி, அந்த ஒரு வருசம் அவன் எங்கே இருப்பான்? நீங்கள் விடியப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்விடுவீர்கள். ஐந்துக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அந்தக் காப்பகத்தில், வைத்துக்கொள்வார்களா?

கொழுந்துக்கூடை:
வைக்கமாட்டார்கள் டீச்சர், கேட்டேன். முன்பள்ளியும் டிசம்பரோடு முடிகிறது. வீட்டில் மாமியாரோடுதான். அவருக்குக் கண் தெரியாது, போனைக் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். அதை நினைத்தால்தான் பயம். பனிமூட்டம் அண்ணன் எழுதினதைப் படித்துவிட்டு அந்தப் பக்கமும் பயம். ராத்திரி நித்திரை இல்லை.

விசேட கல்வி அலகில், அதாவது விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பில், போடச் சொல்லி ஒருத்தர் சொன்னார். அதில் போட்டால் அப்படியே முத்திரை குத்திவிடுவார்களே?

பனிமூட்டம்:
நீ சம்மதிக்காதே. கேட்டுப் புரிந்துகொள்கிற பிள்ளை. என்னிடமும் சொன்னார்கள், நான் கையெழுத்துப் போடவில்லை.

சோக்குக்கட்டி:
இதில் அண்ணன் சொல்வது பாதி சரி. சொன்னது விளங்கி, படம் பார்த்துக் கதையைக் கை ஜாடையில் சொல்கிற பிள்ளைக்குச் சாதாரண வகுப்புத்தான் இடம். ஆனால் அலகு என்றாலே கெட்டது என்றில்லை. நல்ல விசேட கல்வி டீச்சர் ஒருவர் இருக்கிற ஸ்கூலில், பிள்ளை சாதாரண வகுப்பில் இருந்துகொண்டே கிழமையில் கொஞ்ச நேரம் அவரிடம் போய்வரலாம். வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் நேரில் கேளுங்கள், போனில் கேட்டால் நாளைக்கு எடு என்பார்கள்.

என் வகுப்பில் ஒரு மகள் இருந்தாள், பேச்சு சுத்தமாக விளங்காது. ஒரு மட்டைத் துண்டில் எட்டுப் படம் ஒட்டிக் கழுத்தில் போட்டு அனுப்பினார்கள். தண்ணி, டொய்லட், வலிக்கிறது, வேண்டாம், இப்படி. மூன்றாம் நாள் பார்த்தால் மற்றப் பிள்ளைகளும் தங்களுக்கு ஒன்று வேண்டுமாம், வாயுள்ளதெல்லாம் வந்து படத்தைத் தொட்டுக் காட்டித் தண்ணி கேட்கிறது! இரண்டாம் தவணையில் அவள் ‘ப’ எழுதக் கற்றாள், பிறகு என் கையில் விரலால் ‘பசி’ என்று எழுதினாள். சொல்ல வராத சொல்லை எழுதினாள், புரிகிறதா? அதை வீட்டில் யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்?

கவ்வாத்துக்கத்தி:
படம் காட்டிப் பழகினால் பிள்ளை பேசவே சோம்பல்படுமே?

ஹட்டன் பிள்ளை:
எல்லாரும் கேட்கிற கேள்வி தாத்தா. இல்லை. படமோ கை ஜாடையோ பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. தவிப்பு குறைந்தால் வாயைத் திறக்கத் தைரியம் வருகிறது.

அக்கா, வீட்டில் செய்ய இது: ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் உட்கார வைக்காதீர்கள். ஐந்து ஐந்து நிமிசமாக நாளுக்கு நாலு தடவை. மிஸ்ஸிடம் கேட்டு ஐந்தே ஐந்து சொல் எடுங்கள், ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிற சொல்லாக. ‘தா’, ‘வா’, ‘வேணாம்’ மாதிரி. ‘புத்தகம்’ எல்லாம் வேண்டாம். அவன் உங்கள் வாயைப் பார்க்கும்படி முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாக, கூடவே சேர்ந்து சொல்லுங்கள். அக்காக்காரியும் செய்யலாம். அடுத்த கிளினிக்கில் மிஸ் செய்து காட்டுவதைப் போனில் வீடியோ எடுக்க அனுமதி கேளுங்கள், மொழி விளங்காவிட்டாலும் கை விளங்கும்.

பனிமூட்டம்:
சரி. படம் யோசனை நல்லது, எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நான் மாறவில்லை. நீங்கள் இரண்டு பேரும் நல்ல டீச்சரை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அடிபடப்போவது தங்கச்சியின் பிள்ளை. முதலில் வகுப்பு டீச்சர் யார் என்று பார்க்கட்டும், பிறகு முடிவு.

சோக்குக்கட்டி:
அதற்கு நான் எதிர்ப்பில்லை. பார்க்காமலே ஒரு வருசத்தை எழுதிவிடாதீர்கள் என்பதுதான் என் பக்கம்.

கொழுந்துக்கூடை:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், மழை, சிக்னல் இல்லை. இவனையும் கூட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்கள், பரவாயில்லை. அதிபர் சேர் கதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘பார்ப்போம்’ என்றார், அதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முதலாம் தர மிஸ் சின்ன வயது, போன வருசம்தான் வேலைக்கு வந்தாராம். அவர் இவனிடம் பெயர் கேட்கவில்லை. முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து சோக்கை நீட்டினார். இவன் வாங்கித் தரையில் கோடு கோடாகக் கீறிவிட்டு, இது பஸ் என்று காட்ட ஸ்டியரிங் சுற்றினான். மிஸ் ‘நுவரெலியா பஸ்ஸா?’ என்றார். தலையாட்டினான்.

ஜனவரியில் போடுகிறேன். ஒரு தவணை பார்ப்பேன், பனிமூட்டம் அண்ணன் சொன்ன மாதிரி மேசைக்கடியில் படுத்தால் நிறுத்திவிடுவேன், அப்போது என்னை யாரும் திட்டக்கூடாது. மாமியார் இரண்டு நாளாகப் பேசவில்லை. எட்டுப் படம் கீறிவிட்டோம், டொய்லட் படத்தை மட்டும் அக்காக்காரி பெரிசாகக் கீறியிருக்கிறாள்.

பனிமூட்டம்:
நிறுத்தினால் திட்டமாட்டேன், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவேன். அந்த மட்டையை டவுனில் கொடுத்து லெமினேட் பண்ணி எடு தங்கச்சி. இரண்டாக எடு. நம்ம ஊர் மழைக்கு ஒரு கிழமை தாங்காது.