மகளின் கல்லூரி உதவித்தொகையை உயர்த்தக் கேட்கும் இரண்டாவது கடிதம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகளுக்குப் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் 2026 இலையுதிர் பருவத்தில் உயிரியல் படிக்க இடம் கிடைத்துள்ளது. படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 78,000 டாலர் ஆகும் நிலையில், கல்லூரி அறிவித்த உதவித்தொகை 26,000 டாலர் மட்டுமே.

2026-27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா (அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவி விண்ணப்பம்) படிவம் 2024ஆம் ஆண்டின் வருமானத்தையே கணக்கில் கொள்கிறது. அப்போது நாங்கள் இருவரும் வேலையில் இருந்தோம். கடந்த நவம்பரில் என் கணவர் வேலையை இழந்தார். இப்போது என் ஒருத்தியின் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது.

மார்ச் முதல் வாரத்தில் நிதியுதவி அலுவலகத்துடன் தொலைபேசியில் பேசி, அவர்கள் சொன்னபடியே பணிநீக்கக் கடிதத்தையும் என் அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் இணைத்து மேல்முறையீடு செய்தோம். மூன்று வாரம் கழித்து, 4,000 டாலர் கூட்டியிருப்பதாக இரண்டு வரியில் பதில் வந்தது. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரண்ட் ப்ளஸ் கடனுக்கும் வரும் ஜூலை 1 முதல் ஆண்டுக்கு 20,000 டாலர் என்ற உச்சவரம்பு வருவதால், மீதியைக் கடனாலும் ஈடுகட்ட முடியாது.

ஏறத்தாழ இதே தரமும் செலவும் உள்ள இன்னொரு கல்லூரி 41,000 டாலர் தருகிறது. ஆனால், முதலாண்டிலேயே ஆய்வகத்தில் பணியாற்றும் வாய்ப்பு முதல் கல்லூரியில்தான் இருக்கிறது. மகள் அதைத்தான் மிகவும் விரும்புகிறாள். மே 1க்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

இதே நிலையைக் கடந்து வந்த பெற்றோரிடம் கேட்கிறேன்: இரண்டாவது கடிதத்தில் அந்த இன்னொரு கல்லூரியின் உதவித்தொகைக் கடிதத்தையும் இணைத்து அனுப்பலாமா, அல்லது வருமான இழப்பை மட்டும் கூடுதல் சான்றுகளுடன் மீண்டும் முன்வைப்பது நல்லதா?