மறு: ‘டயக்னோஸ்டிக் சார்ஜ்’ – ‘பழுதறிகூலி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கார் பட்டறைகளில் பழுது எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்காக ‘டயக்னோஸ்டிக் சார்ஜ்’ என்ற பெயரில் வாங்கப்படும் தொகையைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று நான் கேட்டிருந்ததற்கு வந்த மறுமொழிகளை எல்லாம் நிதானமாகப் படித்தேன். பழுதாய்வுக் கட்டணம், குறைகண்டறி கட்டணம், வருடிக் கட்டணம் (வருடி என்றால் ஸ்கேனர்), நோய்நாடல் கட்டணம் என நான்கு சொற்கள் வந்துள்ளன. நான்கையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு வேறொரு சொல்லை முன்வைக்கத் துணிகிறேன். அதற்கு முன், இந்தச் சொல் எந்தத் தாளில், யார் கண்ணில் படப்போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அகராதியில் உட்கார வேண்டிய சொல்லுக்கும் பில் புத்தகத்தில் அச்சேற வேண்டிய சொல்லுக்கும் தேவைகள் ஒன்றல்ல.

நான் கோவையில் ஒரு சிறு பட்டறை நடத்துகிறேன். எந்தக் கார் நிறுவனத்தின் அங்கீகாரமும் இல்லாத, எல்லா நிறுவன வண்டிகளும் வந்துபோகிற தனிப் பட்டறை. எங்கள் பில்லில் இதுவரை இரண்டே பகுதிகள்: உதிரிபாகங்களின் விலை, லேபர். வாடிக்கையாளர் இந்த இரண்டையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் முதலாவதற்குச் சான்று கிடைத்துவிடுகிறது; வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்து வேலை செய்ததைக் கண்ணால் பார்த்திருப்பதால் இரண்டாவதும் அவருக்குப் புரிகிறது. ஆனால் பழுது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்புக்குத் தாளில் இடமே இல்லை. இப்போது அந்த உழைப்புதான் எங்கள் நாளின் பெரும்பகுதியைத் தின்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. இரவு நிறுத்திவைத்த கார் இரண்டொரு நாளில் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரியை மாற்றியும் அதே கதை என்று ஒருவர் வருகிறார். வண்டி உறங்கும்போது எதுவோ மின்சாரத்தை உறிஞ்சுகிறது என்பது தெரிகிறது. அது எது என்பதுதான் கேள்வி. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் அம்மீட்டரைத் தொடராக இணைத்து, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைத்து, பிறகு காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒவ்வொன்றாக உறங்கி முடிக்கச் சில வண்டிகளில் இருபது நிமிடம் ஆகும், சிலவற்றில் ஒரு மணி நேரமும் ஆகும். எல்லாம் உறங்கிய பிறகு ஓடும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். அது 400 என்று காட்டினால் ஒரு நாளில் 9.6 ஆம்பியர் மணி வீணாகிறது என்று பொருள். 35 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறிய காரின் பேட்டரி இரண்டு நாளில் தடுமாறத் தொடங்கும். அடுத்து எந்த மின்சுற்று என்று பார்க்க வேண்டும். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தால் உறங்கிய கணினி விழித்துக்கொள்ளக்கூடும், மறுபடியும் காத்திருக்க நேரும். எனவே பிடுங்காமலே ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளுக்கும் இடையே மில்லி வோல்ட் அளவைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில், பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டத்தின் ஒரு வயர், சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் இணைப்பில் சேராமல் எப்போதும் உயிருள்ள இணைப்பில் சேர்ந்திருப்பது தெரியவரும். அதை மாற்றிச் சேர்க்கப் பத்து நிமிடம் போதும். பொருள் செலவு, ஒரு முழம் வயரும் கொஞ்சம் இன்சுலேஷன் டேப்பும்.

இந்த வேலைக்கு எங்கள் பில்லில் என்ன எழுதுவது? உதிரிபாகம் ஏறக்குறைய இல்லை. லேபர் என்று பத்து நிமிடத்துக்குப் போட்டால் அரை நாள் வீண். அரை நாளுக்கும் சேர்த்து லேபர் போட்டால், “ஒரு வயரை மாற்றியதற்கா இவ்வளவு?” என்று வாடிக்கையாளர் கேட்பார். அவர் கேட்பதில் தவறே இல்லை, ஏனென்றால் நாங்கள் எழுதிக்கொடுத்த தாள் அப்படித்தான் சொல்கிறது.

இதன் விளைவு எங்கள் தொழிலுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். தேடுவதற்குக் கூலி கிடைக்காது என்பதால், தேடாமல் பாகத்தை மாற்றிப் பார்ப்பது பழக்கமாகிவிடுகிறது. இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பழுதைப் படிக்கும் கருவி சொன்னால், காற்றுக் குழாயில் விரிசல் இருக்கிறதா, பெட்ரோல் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பாகத்தில் கிடைக்கும் லாபம்தான் பட்டறையின் வாடகையைக் கட்டுகிறது. இப்போது வாடிக்கையாளர்கள் இணையத்தில் விலை பார்த்துத் தாங்களே பாகத்தை வாங்கி வருவதால் அந்த லாபமும் சுருங்குகிறது. தேடும் உழைப்புக்கு நேர்மையாக ஒரு வரி ஒதுக்குவது பட்டறையைக் காப்பாற்றும், வாடிக்கையாளரைத் தேவையற்ற பாகங்களிலிருந்தும் காப்பாற்றும். அந்த வரிக்குப் படித்ததும் புரிகிற பெயர் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

இனி நான்கு சொற்களுக்கு வருகிறேன். ‘பழுதாய்வு’ நல்ல சொல்தான், கட்டுரையில் நான் தயங்காமல் எழுதுவேன். ஆனால் வண்டி வைத்திருப்பவருக்கு ‘ஆய்வு’ என்றதும் மோட்டார் வாகன ஆய்வாளரும் தகுதிச் சான்றும்தான் நினைவுக்கு வரும். பட்டறை பில்லில் ‘ஆய்வுக் கட்டணம்’ என்று பார்த்தால் அரசுக்குச் செலுத்திய தொகையோ என்று எண்ணக்கூடும்.

‘வருடிக் கட்டணம்’ என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். அது கருவியின் பெயரைச் சொல்கிறது, வேலையின் பெயரைச் சொல்லவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை இணைப்பில் கருவியைச் சொருகிப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். அதே இணைப்பில் சொருகி கைபேசியில் படிக்கக்கூடிய சிறு புளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாடிக்கையாளர்கள் பலர் வீட்டிலேயே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ‘வருடி’ என்று எழுதினால், அவர் ஏற்கனவே செய்ததற்கு நாங்கள் மறுபடி பணம் கேட்பதாகிவிடும்.

‘குறைகண்டறி’ என்பதில் ‘கண்டு’ வந்துவிடுவதால் முடிவையும் சேர்த்து வாக்களிப்பது போல ஒலிக்கிறது. சில நேரம் ஒரு நாள் முழுவதும் தேடியும் பழுது அகப்படாது. அடிக்கடி தோன்றி மறையும் மின்பழுதுகளில் இது நடக்கும். ‘குறை’ என்ற சொல்லும் வண்டியின் தரத்தைக் குறை சொல்வதாகப் படலாம்.

‘நோய்நாடல்’ வள்ளுவரின் 948ஆம் குறளை ஒட்டி வந்தது என்பது வெளிப்படை. நோயை நாடுவதும் நோயின் முதலை, அதாவது காரணத்தை, நாடுவதும் வேறு வேறு என்று அந்தக் குறள் பிரித்துக் காட்டுவது எங்கள் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘நாடல்’ இன்றைய வழக்கில் ‘மருத்துவரை நாடுங்கள்’ என்பது போல ஒருவரிடம் போவதைக் குறிக்கிறது. ‘பழுதுநாடல்’ என்று மாற்றினாலும் பழுதைத் தேடிப் போய் வாங்கிக்கொள்வது போன்ற மயக்கம் வரும். ‘பழுதுமுதல்’ என்று எழுதலாம் என்ற யோசனையும் வந்தது. பில்லில் ‘முதல்’ என்று கண்டால் ‘தொடங்கி’ என்றோ ‘மூலதனம்’ என்றோதான் மக்கள் படிப்பார்கள்.

ஆகவே ‘பழுதறிதல்’ என்பதை அடிப்படைச் சொல்லாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. நோயறிதல் என்பது மருத்துவத்தில் நன்றாக ஊன்றிய சொல். அதே வார்ப்பில் இருப்பதால் கேட்டவுடன் புரியும். ‘பழுது’ என்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஒரே பொருளில் வழங்குகிறது. ‘ரிப்பேர்’ என்று நாம் சொல்லும் இடத்தில் ஈழத்தவர் ‘திருத்த வேலை’ என்பார்கள். அந்த வேறுபாடு இந்தச் சொல்லைத் தொடாது, ஏனென்றால் இது திருத்துவதற்கு முந்தைய கட்டத்தைக் குறிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘பழுதறி’ என்பது வினைத்தொகையாக நின்று அடுத்த சொற்களோடு எளிதில் சேரும்: பழுதறி கருவி, பழுதறி இணைப்பு, பழுதறி முறை. வண்டிக்குள்ளேயே நிறுவப்பட்டுள்ள அமைப்பை ‘உள்ளமை பழுதறி அமைப்பு’ எனலாம். ‘அறிதல்’ என்பதிலும் முடிவுக்கான வாக்குறுதி கொஞ்சம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அதைப் பில்லின் அடிக்குறிப்பில் சரிசெய்துகொள்ளலாம்.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லையும் முடிவு செய்ய வேண்டும். கருவி காட்டும் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் கொண்ட ‘கோடு’களைப் (code) ‘பிழைக் குறியீடு’ என்று சிலர் எழுதியுள்ளீர்கள். ‘பிழை’ கணினி நிரலுக்குப் பொருந்தும், தேய்ந்த பிளக்குக்குப் பொருந்தாது. ‘பழுதுக்குறி’ என்று எழுத வேண்டுகிறேன். சித்த மருத்துவத்தில் நோயின் வெளித்தோற்றங்களைக் ‘குறிகுணங்கள்’ என்பார்கள். ‘குறி’ என்றாலே அது அடையாளம்தான், காரணம் வேறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. P0302 என்ற குறி வந்தால் இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது மட்டும்தான் தெரியும். பட்டறை மொழியில் ‘மிஸ்ஸிங்’. இரண்டாம் சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டினால், குறி P0303 ஆக இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், அதன் பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன் என்று படிப்படியாகப் போக வேண்டும். “கோடு வந்துவிட்டதே, பாகத்தை மாற்ற வேண்டியதுதானே” என்று கேட்பவரிடம், “இது குறிதான்” என்று ஒரே சொல்லில் விளக்க முடிந்தால் அது எவ்வளவு பெரிய உதவி!

குறியின் முதல் எழுத்தைத் தமிழில் பெயர்க்கக்கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். இன்ஜின், கியர் சார்ந்த குறிகளுக்கும் உடற்பகுதி சார்ந்த குறிகளுக்கும் முதல் எழுத்துகள் வேறு (P, B), ஆனால் தமிழில் இரண்டையும் ‘பி’ என்றுதான் எழுத முடியும். பணி அட்டையில் (ஜாப் கார்டு) அவை கருவி காட்டுகிறபடியே நிற்கட்டும்.

அடுத்தது ‘கட்டணம்’ என்பதா ‘கூலி’ என்பதா என்ற கேள்வி. கூலி என்றால் தாழ்வாக ஒலிக்கிறது, தொழில்நுட்ப அறிவுக்குக் கட்டணம் என்பதே மதிப்பு என்று இரண்டு அன்பர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய அக்கறைக்கு நன்றி. ஆனால் நம் மக்கள் உழைப்பைப் பொருளிலிருந்து பிரித்து, தனி வரியாகப் படித்து, தனியாகப் பேரம் பேசி, ஒப்புக்கொண்டு பணம் கொடுக்கும் இடம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது: நகைக்கடை. அங்கே தங்கத்தின் விலை வேறு, செய்கூலி வேறு என்பதில் படிக்காத பாட்டிக்கும் குழப்பம் வருவதில்லை. கைத்திறனுக்கு விலை உண்டு என்பதை ‘செய்கூலி’ என்ற சொல் தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அங்கே கூலி என்ற பெயரால் பொற்கொல்லரின் மதிப்பு குறைந்ததாக யாரும் நினைப்பதில்லை. அதே வார்ப்பில் ‘பழுதறிகூலி’ என்று வைத்தால், பில்லில் பாக விலை, செய்கூலி, பழுதறிகூலி என்று மூன்று வரிகளும் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டு நிற்கும். வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லினம் மிகாது. ‘பழுதறிக்கூலி’ என்று அச்சுக்கோப்பவர் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சில் ‘அறிகூலி’ என்று சுருங்கினாலும் பொருள் கெடாது.

கருவிக்கான சொல் உரைநடையில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்: “தனிப் பட்டறைகளுக்கு உதிரிபாகங்களும் பழுதறி கருவிகளும் தாராளமாகக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது.” தடங்கலின்றிப் படிக்க முடிகிறது என்றே நினைக்கிறேன். அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு விஷயம். ஆனால் பழுதறி கருவி யார் கையில் இருக்கலாம் என்பது எங்களைப் போன்றவர்களின் பிழைப்பையே தீர்மானிக்கும் கேள்வி என்று ஒரு தேசிய அமைப்பு எழுத்தில் ஒப்புக்கொண்ட நாள் அது. அதைப் பற்றித் தமிழில் எழுத நமக்குச் சொல் இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு வண்டிகளில் உணரிகள் (சென்சார்கள்) கூடிவிட்டன, இருசக்கர வாகனங்களிலும் இப்போது உள்ளமை பழுதறி அமைப்பு வருகிறது. இனி இந்தச் சொல்லின் தேவை கார் பட்டறையோடு நிற்காது, தெருமுனை பைக் மெக்கானிக் வரை போகும்.

புதிய பில் புத்தகம் அச்சுக்குப் போக இருக்கிறது. அதன் அடியில் போட எண்ணியிருக்கும் குறிப்பு இது:

“பழுதறிகூலி என்பது பழுதின் காரணத்தைத் தேடுவதற்குச் செலவாகும் நேரத்துக்கான கூலி. தேடத் தொடங்கும் முன் இதன் உச்ச அளவு பணி அட்டையில் எழுதப்பட்டு, உரிமையாளரின் ஒப்புதல் பெறப்படும். அந்த அளவுக்குள் காரணம் அகப்படாவிட்டால், அதுவரை சோதித்தவற்றின் பட்டியலும் அளவீடுகளும் எழுத்தில் தரப்படும்.”

‘உச்ச அளவு’ என்பதற்குப் பதில் ‘மேல்வரம்பு’ என்று போடலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிலும் குறிப்பிலும் திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கோவைப் பட்டறையிலிருந்து