அட்ஜுவன்ட் ரேடியோதெரபி: துணைக்கதிரா, காப்புக்கதிரா?

கையேடு எழுதுபவர், மதுரை:
அனைவருக்கும் வணக்கம். கருப்பையில் வரும் அரிய புற்றுநோய்கள் பற்றி நோயாளிகளுக்காக ஒரு சிறு கையேடு, வெள்ளிக்கிழமை சிம்மக்கல்லில் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். சார்க்கோமா (தசை போன்ற திசுக்களில் வருவது), கார்சினோசார்க்கோமா (உள்படலப் புற்றும் சார்க்கோமாவும் கலந்தது போன்றது) என்ற இரண்டு நோய்ப் பெயர்களையும் தமிழாக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். கருப்பையை எடுத்த பிறகு, இடுப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஏதும் தங்கியிருக்கலாமோ என்று கொடுக்கிற கதிர்வீச்சுக்குத்தான், அதாவது ஆங்கிலத்தில் அட்ஜுவன்ட் ரேடியோதெரபி என்பதற்குத்தான், தமிழில் பெயர் அமையவில்லை. ‘துணைக் கதிர்வீச்சுச் சிகிச்சை’ என்று எழுதிக் காட்டினால், படித்த ஓர் அம்மா “அப்ப மெயின் வைத்தியம் எப்ப?” என்கிறார். வேறு சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்:
துணைக்கு என்ன குறைச்சல்? துணைவேந்தர், துணை ஆட்சியர் என்று அலுவலகக்காரர்கள் அந்தச் சொல்லைச் சிறுக்க வைத்துவிட்டார்கள். வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று அதிகாரமே வகுத்தார், அங்கே துணை நம்மைவிடப் பெரியவர். கல்யாணப் பத்திரிகையில் ‘மீனாட்சி துணை’ என்று போடுகிறோமே, அவள் என்ன சொக்கநாதருக்கு உதவியாளரா? துன்னுதல், அதாவது நெருங்குதல், அதிலிருந்து வந்தது துணை என்பது என் கணிப்பு. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சிகிச்சை வடசொல். ‘துணைக்கதிர் மருத்துவம்’ என்க.

பள்ளி ஆசிரியை, உசிலம்பட்டி:
ஐயா, துன்னுறதுன்னா சென்னையில் சாப்பிடுறது. எங்கள் பக்கம் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை, “கரண்ட் வைக்கிறாங்க” என்பார்கள். என் பெரியம்மா ஷாக் அடிக்கும் என்று பயந்து முதல் நாள் கொலுசு, மெட்டி எல்லாம் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள், சொல்லை அப்புறம் பார்ப்போம். கேட்டதற்குச் சொல்கிறேன், ‘காப்புக்கதிர்’.

கதிர்வீச்சு மருத்துவர், மதுரை:
காப்பு வேண்டவே வேண்டாம். கருப்பை சார்க்கோமாவின் முதல் இரண்டு நிலைகளில் இருந்த 224 பெண்களை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு அறுவைக்குப் பின் இடுப்புக்குக் கதிர், 28 தவணைகளில் மொத்தம் 50.4 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). மீதிப் பேருக்கு வெறும் கண்காணிப்பு. கதிர் பெற்றவர்களுக்கு இடுப்புக்குள் நோய் திரும்புவது குறைந்தது, ஆயுள் கூடவில்லை. கருப்பைத் தசையில் வரும் லியோமயோசார்க்கோமா என்ற வகையில் அந்த இடுப்புப் பலன்கூடத் தெரியவில்லை; ரத்தத்தோடு நுரையீரலுக்கு ஓடிவிடுகிற நோய் அது. பலன் தெரிந்தது கார்சினோசார்க்கோமாவில், அதை இப்போது சார்க்கோமா கணக்கில் சேர்ப்பதும் இல்லை. இப்படி ஆளுக்கு ஆள் யோசித்துக் கொடுப்பதற்குக் காப்பு என்று பேர் வைத்தால், வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த அம்மாவுக்கு, மெயின் வைத்தியம் அறுவையோடு முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். அப்புறம், கதிரியக்கச் சிகிச்சை என்றும் எழுதாதீர்கள். கதிர் பாய்ச்சும் இயந்திரமான லீனியர் ஆக்சிலரேட்டரில் கதிரியக்கப் பொருளே கிடையாது.

பொறியாளர், திருநகர்:
‘பின்கதிர்’ போதுமே. அறுவைக்கு முன்னால் கொடுத்தால் முன்கதிர். சுருக்கம், யாருக்கும் விளங்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்:
வயல்காட்டு ஆளிடம் சொல்லிப் பாருங்கள், நெல்லைத்தான் நினைப்பான். எங்களுக்கு ஒருபோகத்துக்கே கால்வாயில் தண்ணீர் விடச்சொல்லி மனு எழுதுகிறோம், இதில் பின்கதிருக்கு எங்கே போவது?

கதிர்வீச்சு மருத்துவர், மதுரை:
நெல் கிடக்கட்டும். ஒரு வருடம் கழித்து நோய் திரும்பி வந்து அதற்குக் கதிர் கொடுத்தாலும் அறுவைக்குப் பின்தான் கொடுக்கிறோம். இரண்டுக்கும் நோக்கம் வேறு, அளவும் வேறாகலாம். பின்கதிரில் அது தொலைந்துபோகும்.

கையேடு எழுதுபவர், மதுரை:
சரி, அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. தலைப்பில் ‘அறுவைக்குப் பின் துணைக்கதிர் சிகிச்சை’. அடியிலேயே: “கட்டியை எடுத்தாகிவிட்டது. மிச்சம் ஏதும் இருந்தால் அங்கேயே திரும்ப வராமல் தடுக்கச் சிலருக்கு மட்டும் கொடுப்பது. கரண்ட் வைப்பது என்பார்கள், மின்சாரம் உடம்பில் பாயாது.” ஆசிரியை அரைமனதாகச் சம்மதித்தார். பொறியாளர் பதில் போடவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்:
சிகிச்சைக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்க. ‘துணைக்கதிர் சிகிச்சை’யில் ச் எங்கே என்று யாராவது கேட்பார்கள், ரகர மெய்க்குப் பின் எப்போது மிகும், எப்போது மிகாது என்று நாளை விரிவாக எழுதுகிறேன். அது போக, முழுக்கக் கருப்பை என்று எழுதிவிட்டு நாலாம் பக்கத்தில் மட்டும் கர்ப்பப்பை எப்படி நுழைந்தது?