ரூட் கெனால் முடிந்தும் அடங்காத வலி: யாரிடம் போவது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

கெனால்_மதுரை

என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு மேல் தாடை, முதல் கடைவாய்ப் பல். ரூட் கெனால் முடித்து கேப்பும் போட்டாகிவிட்டது. ஆனால் சூடான காபி பட்டால் மட்டும் பல நிமிடங்களுக்கு வலி. எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததால், ஏற்கெனவே பார்த்தவர்கள் அந்த அம்மாவிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

நரம்பு எடுத்த பல்லுக்குச் சூடு தெரியக் கூடாது. தெரிந்தால் உள்ளே எங்கோ உயிருள்ள திசு மிச்சம் இருக்கிறது, அல்லது வலி பக்கத்துப் பல்லிலிருந்து வருகிறது. எந்தப் பல் என்று பிரிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாக ரப்பர் டேமால் (ஒரு பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மறைக்கும் ரப்பர் விரிப்பு) பிரித்து, சிரிஞ்சில் வெந்நீர் விட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பற்கள் இரண்டிலும் ஒன்றுமில்லை. கேப் போட்ட பல்லில் விட்டதும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கேப்பைத் துளைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மூன்று துவாரங்களும் ஒழுங்காக அடைக்கப்பட்டிருந்தன. முன்பக்கக் கன்ன வேரின் துவாரத்திலிருந்து அண்ணப் பக்கமாக ஒரு மெல்லிய கோடு ஓடியது. அதை மூடியிருந்த டென்டின் (பல்லின் உட்பகுதிக் கடினத் திசு) படிவை அல்ட்ராசோனிக் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியதும் 8-ஆம் எண் ஃபைல் (வேருக்குள் நுழைக்கும் மெல்லிய ஊசி போன்ற கருவி) சிக்கென்று ஒட்டி நின்றது. வெளியே எடுத்தபோது நுனியில் புது ரத்தம். விடுபட்ட நான்காவது கெனால் (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்) அதுதான், எங்கள் பேச்சில் எம்.பி.2.

மூன்று வேர் என்பதால் மூன்று கெனால் என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பல்லில் நான்காவது கெனால் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் அதுவும் அதே வேரில் உள்ள முதல் கெனாலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துவிடும். மறு சிகிச்சைக்கு ஆள் தேடுகிறவர்கள் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். எம்.டி.எஸ். எண்டோடான்டிக்ஸ் (ரூட் கெனால் சிகிச்சைக்கான மேற்படிப்பு) படித்தவர்தான் செய்வாரா? ரப்பர் டேம் போடுவாரா? மைக்ராஸ்கோப் இருக்கிறதா?

வாய்மருத்துவம்_தஞ்சை

பல்லே இல்லாத இடத்துல பல் வலி. வந்தவர் வயசானவர். வலது கீழ்த்தாடையில ஒண்ணுக்குப் பின் ஒண்ணா மூணு பல் பிடுங்கியாச்சு, நாலாவதுக்கு ரூட் கெனால் ஆரம்பிச்சிருந்தாங்க. அறைக்குள்ள வரும்போதே துண்டால கன்னத்தை மூடிக்கிட்டு, ஃபேனுக்கு நேரா உட்கார மாட்டேன்னுட்டார். அங்கேயே பாதி நோயறிதல் முடிஞ்சது. பஞ்சுத் திரியால உதட்டோரம் லேசா தொட்டதும் கரண்ட் அடிச்ச மாதிரி முகம் சுளிஞ்சு, சில நொடியில விட்டுப்போச்சு.

டிரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற ஐந்தாம் நரம்போட கோளாறு. பெரும்பாலும் மூளைத்தண்டு பக்கத்துல ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்திக்கிட்டு இருக்கும். வலி நொடிக்கணக்குதான், ஒவ்வொரு தாக்குதலும் அதிகபட்சம் இரண்டு நிமிஷம். பல் துலக்க, முகம் கழுவ, சவரம் பண்ண, சாப்பிட, பேசக்கூட பயப்படுவாங்க. நரம்பு வீங்கின பல் வேற மாதிரி. ஐஸ் தண்ணி பட்டா வலி ஆரம்பிச்சு நிமிஷக்கணக்கா இழுக்கும், ராத்திரி தூக்கத்துல எழுப்பும். இந்த வித்தியாசத்தைக் கேட்காமலே மூணு பல் போயிடுச்சு.

முதல் மருந்து கார்பமசெபின், 100 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க. சாதாரண வலி மாத்திரை இதுக்குக் கேட்காது. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்கிப் போடற மருந்து இல்ல இது. எச்.எல்.ஏ.-பி*15:02 மரபணு வகை உள்ளவங்களுக்கு உடம்புத் தோலே உரிஞ்சு உயிருக்கு ஆபத்தாகலாம். ஆசிய வம்சாவளிக்கு அந்த ரத்தப் பரிசோதனையை முன்னாடியே பார்க்கிறது நல்லது. ரத்தத்துல சோடியமும் குறையலாம். உடம்புல தடிப்பு வந்தா உடனே டாக்டர்கிட்ட ஓடணும். நரம்பியல் டாக்டர் பார்த்து ஒரு எம்.ஆர்.ஐ.யும் எடுக்கணும், கட்டியோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸோ (நரம்பு உறையைப் பாதிக்கிற நோய்) இல்லைன்னு உறுதி பண்ண.

பல் டாக்டர்கள்ல இதுக்கு உரியவங்க ஓரல் மெடிசின் அண்ட் ரேடியாலஜி (வாய் நோய்களைக் கண்டுபிடிக்கிற பிரிவு) எம்.டி.எஸ். அப்படி ஒரு பிரிவு இருக்கறதே நிறைய பேருக்குத் தெரியாது.

தாடைமூட்டு_கோவை

மதுரை டாக்டருக்கு ஒரு மறுப்பு. மைக்ராஸ்கோப் இருக்கிறதா என்று கேட்டு டாக்டரைத் தேர்ந்தெடுத்தால், வலி பல்லில்தான் என்று நோயாளியே முடிவு கட்டிவிட்டுப் போகிறார். கருவியைவிடச் சோதிக்கிற பழக்கத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் தேதி குறித்துக்கொண்டு வந்த இளம்பெண். பல்லில் குளிர் வைத்துப் பார்த்த சோதனையில், வந்த கூச்சம் இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிட்டது, அதாவது நரம்பு நன்றாக இருக்கிறது. கீழ்த்தாடைக்கு மரப்பு ஊசி போட்டு உதடு முழுக்க மரத்தும் வலி அப்படியே இருந்தது. பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கிற மாஸிட்டர் தசையில், ஏறக்குறைய ஒரு கிலோ எடை அளவுக்கு விரலால் ஐந்து நொடி அழுத்தியதும், "இதுதான், இதே வலிதான், பல்லுக்குள்ள போகுது" என்றார். பல்லைத் தொடவே இல்லை.

முதல் சந்திப்பில் என்னென்ன நடக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். வலி எப்போது, எவ்வளவு நேரம், எது கிளப்புகிறது என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு சந்தேகப் பல், அதன் இருபுறப் பற்கள், எதிர்ப்புறத்தில் அதே பல் எல்லாவற்றுக்கும் குளிர்ச் சோதனை. கருவியின் கைப்பிடியால் பல்லைத் தட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு முனையாகக் கடிக்கவைப்பது: கடித்து விடுவிக்கும்போது சுளீரென்றால் விரிசல் சந்தேகம். ஈறைச் சுற்றி அளவுகோல்: ஒரே இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கினால் அதுவும் விரிசலைக் காட்டலாம். வாய் திறப்பு 40 மில்லிமீட்டருக்குக் குறைகிறதா என்று அளப்பது. தசைகளை அழுத்திப் பார்ப்பது, நெற்றிப்பொட்டில் உள்ள டெம்போராலிஸ் தசை மேல் பல்லில் வலி காட்டும். மேல் கடைவாய்ப் பற்கள் வரிசையாகக் கூசி, குனிந்தால் கனத்தால் சைனஸையும் பார்க்க வேண்டும். இதில் எதுவும் செய்யாமல் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் "ரூட் கெனால் போட்டுடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தசை வலிக்கு முதல் சிகிச்சை மென்மையான சாப்பாடு, சூடான ஒத்தடம், பகலில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை விடுவது, தாடைப் பயிற்சி. தேவைப்பட்டால் எல்லாப் பற்களையும் மூடும் கடின அக்ரிலிக் ஸ்ப்ளின்ட் (கழற்றி மாட்டும் உறை). எல்லாப் பற்களையும் ராவிக் கடியைச் சரிசெய்கிறேன் என்பவரிடம் முதலிலேயே போகாதீர்கள், ராவியது திரும்ப வராது.

கெனால்_மதுரை

வெந்நீர் விட்டுப் பார்த்த பிறகுதான் மைக்ராஸ்கோப் எடுத்தது சார், மேலே மறுபடி படியுங்கள். சோதனை முதலில் என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

ஆனால் மரப்பு ஊசியை மட்டும் வைத்துப் பல் இல்லை என்று தீர்க்கக் கூடாது. நரம்பு கடுமையாக வீங்கிய கீழ்ப் பல்லில், உதடு நன்றாக மரத்தும் பல் மரக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் நோயாளிக்குக் குளிர்ச் சோதனை ஆரோக்கியமாக வந்ததாலும், தசையை அழுத்தியதும் அதே வலி வந்ததாலும்தான் அந்த முடிவு நிற்கிறது.

சி.பி.சி.டி. ஸ்கேன் (முப்பரிமாண எக்ஸ்ரே) பற்றியும் ஒரு வார்த்தை. மறு சிகிச்சைக்குச் சிறிய பரப்பு, 5-க்கு 5 சென்டிமீட்டர் அளவு போதும். முழு முகத்துக்கும் எடுத்தால் கதிர்வீச்சு கூடும், பெரும்பாலும் துல்லியமும் குறையும். உள்ளே உலோகத் தண்டோ கேப்போ இருந்தால் படத்தில் கறுப்புக் கீற்று விழும். அதை விரிசல் என்று படித்துப் பல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு.

இரவுக்கடை_மருந்தாளுநர்

ஒரு தம்பி அதே ஆன்டிபயாடிக் அட்டையை வெச்சு மறுபடி மறுபடி கேட்டு வந்தார். கடைசியா வந்தப்போ தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் வீங்கி கல்லு மாதிரி இருந்தது. வாய் ஒரு விரல் அளவுகூட திறக்கல, எச்சில் முழுங்க முடியாம கைக்குட்டையில துடைச்சுக்கிட்டே பேசினார். மாத்திரை கொடுக்கல, கூட வந்தவரைக் கூப்பிட்டு நேரா ஜி.எச். எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னேன்.

பல் நரம்பு வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, செத்த நரம்புக்குள்ள ரத்த ஓட்டமே இல்லாதப்போ மருந்து எப்படிப் போகும்? சீழைத் திறந்துவிடணும், இல்ல பல்லை எடுக்கணும். காய்ச்சல், பரவுற வீக்கம் இருந்தா மட்டும் கூடவே ஆன்டிபயாடிக். நாக்கு மேல தூக்குது, குரல் மாறுது, மூச்சு முட்டுதுன்னா அது கிளினிக் தேடுற நேரம் இல்ல. கிராம்புத் தைலத்தை ஈறுல ஊத்தாதீங்க, வெந்துபோகும்.

அவசரப்பிரிவு_செவிலியர்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கீழ்த்தாடை இரண்டு பக்கமும் வலி, படி ஏறினால் வரும், உட்கார்ந்தால் சில நிமிடத்தில் போய்விடும். பற்களில் கோளாறு எதுவும் இல்லை என்று பல் மருத்துவரே உடனே எங்களிடம் அனுப்பிவைத்தார். இ.சி.ஜி. எடுத்த கையோடு இதயப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். நடந்தால் வருகிற தாடை வலிக்கு ரூட் கெனால் கேட்டுப் போகாதீர்கள். வியர்வை, நெஞ்சு இறுக்கம் சேர்ந்தால் 108.

பி.ஜி_பல்கல்லூரி

எங்களிடம் வந்த ஒருவருக்குப் பாதியில் நின்ற ரூட் கெனால், தற்காலிக அடைப்பு, கையில் ஒரு தாளும் இல்லை. இங்கே எடுத்த எக்ஸ்ரேயில் வேரின் வளைவுக்குக் கீழே உடைந்த ஃபைல் துண்டு. "உள்ள ஊசியா?" என்று அவர் கேட்ட குரல் மறக்கவில்லை. அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

ஃபைல் உடைவது திறமையானவர் கையிலும் நடக்கும். அதனாலேயே பல் போய்விடாது. சுத்தம் செய்து முடியும் கட்டத்தில் உடைந்திருந்தால் உள்ளேயே விட்டு அடைத்துக் கண்காணிக்கலாம். ஆரம்பத்திலேயே உடைந்திருந்தால், பக்கவாட்டில் சிறிய ஃபைலை நுழைத்துக் கடந்துபோகப் பார்ப்போம். வளைவுக்கு மேலே இருந்தால் அல்ட்ராசோனிக்கில் எடுக்கலாம். கீழே இருப்பதைத் தோண்டினால் வேரே துளைபடும். அப்போது வேர்நுனியில் 3 மில்லிமீட்டர் வெட்டி, அந்த நுனிப் பக்கமிருந்து எம்.டி.ஏ. என்ற சிமென்ட் வைத்து அடைக்கும் அறுவை சிகிச்சை ஒரு வழி. எந்தக் கட்டத்தில் உடைந்தது என்று முன்பு செய்தவர்தான் சொல்ல முடியும். ஆகவே டாக்டரை மாற்றும்போது சிகிச்சைக்கு முந்தைய, நடுவிலான, பிந்தைய எக்ஸ்ரேக்கள், எத்தனை கெனால், ஒவ்வொன்றின் நீளம், உள்ளே வைத்த மருந்து எல்லாவற்றையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

செலவுக்குத் தயங்குகிறவர்களுக்கு: சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் கல்லூரிகளில் ஓ.பி. சீட்டுப் போட்டதும் வழக்கமாக முதலில் ஓரல் மெடிசின் பிரிவுக்குத்தான் அனுப்புவார்கள், அங்கிருந்துதான் எண்டோ. "ரூட் கெனால் பண்ணணும்" என்று சொல்லாமல் வலியை மட்டும் சொல்லுங்கள். தாங்க முடிகிற வலி என்றால் அன்று காலை வலி மாத்திரை போடாமல் வாருங்கள், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் தட்டினாலும் குளிர் வைத்தாலும் கெட்ட பல் நல்ல பல் போலவே பதில் சொல்லிவிடலாம்.