மறைத்த பிறகும் கண்ணில் படும் வரிகள்: மட்டுறுத்துனர்களின் அனுபவப் பகிர்வு

விக்கிப்பீடியா உரையாடல் பக்கத்தில் ஒருவரின் தொலைபேசி எண்ணை யாரோ போட்டுவிட்டால், புது நிர்வாகிகள் அந்தத் திருத்தத்தை மட்டும் மறைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எண் அங்கேயேதான் இருக்கும். திருத்தம் என்பது ஒவ்வொரு சேமிப்பிலும் பதியும் பக்க வடிவம்; எதைத் திறந்தாலும் அன்றைய முழுப் பக்கமும் வரும்; எண் ஏறிய பிறகு 6 பேர் வேறு பத்திகளில் எழுதியிருந்தால், 7 திருத்தங்களிலும் அது தெரியும். முதலில் எண்ணை அழித்துப் பக்கத்தைச் சேமியுங்கள். நடப்புத் திருத்தத்தின் உரையை மறைக்க மென்பொருள் விடாது. பிறகு அந்த 7 திருத்தங்களையும் குறித்து, உரையை மட்டும் மறையுங்கள். பயனர் பெயருக்கும் தொகுப்புச் சுருக்கத்துக்கும் (சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பு) தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இடையில் எழுதிய 6 பேரின் பெயர்களைத் தொடவே கூடாது. அவர்கள் எழுதியதற்கு அதுதான் சான்று.

இன்னொன்று: அழிக்கும்போது சுருக்கத்தில் ‘தொலைபேசி எண் நீக்கம்’ என்று எழுதாதீர்கள். அண்மைய மாற்றங்களைப் பார்ப்பவர்களை நாமே கைகாட்டி அழைத்தது போலாகும்.

*

மேலே சொன்னது சரி. ஆனால் நிர்வாகி மறைத்ததை மற்ற நிர்வாகிகள் எல்லோரும் படிக்கலாம். தனிநபர் தகவலுக்கு அது போதாது. நிர்வாகிகளுக்கும் தெரியாமல் மறைக்கும் உரிமை மேற்பார்வையாளர்களுக்கு உண்டு. அவர்கள் இல்லாத விக்கிகளில், எல்லா விக்கிகளுக்கும் பொதுவான அதிகாரம் உள்ள ஸ்டீவார்டுகள் செய்வார்கள். மின்னஞ்சலில் மட்டும் கேளுங்கள், பொதுப்பக்கத்தில் இணைப்பு கொடுக்காதீர்கள்.

*

இணைய விவாத மன்றங்களை நடத்தும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் சிக்கல் வேறு. உறுப்பினர்களின் புகார்கள் சேர்ந்ததும் பதிவு தானாக மறையும், எழுதியவருக்குச் செய்தி போகும். இயல்பு அமைப்பில் 10 நிமிடம் கழித்து அவர் திருத்தினால் பதிவு திரும்ப வரும். அதே பதிவு இரண்டாம் முறை மறைந்தால் மட்டுறுத்துனர்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். கோபத்தில் எழுதியவர் தானே சரிசெய்ய இடம் கிடைக்கிறது. புகார் தவறென்று முடிவானால் ‘உடன்படவில்லை’ என்று பதியுங்கள், பதிவு மீண்டும் தெரியும்.

கோட்டைவிடுவது மேற்கோள்களில். மூல வரி மறைந்தாலும், அதை மேற்கோள் காட்டிய பதில்களில் அப்படியே நிற்கும். அந்த வரியிலிருந்து 4, 5 சொற்களைத் தேடலில் இட்டு, கிடைக்கும் பதில்களில் மேற்கோளை மட்டும் வெட்டுங்கள், பதிலை விட்டுவிடுங்கள். வெட்டியதும் பழைய வடிவம் திருத்த வரலாற்றில் இருக்கும், அதையும் தனியே மறைக்க வேண்டும். மின்னஞ்சல் அறிவிப்பில் ஏற்கெனவே போனதைத் திரும்பப் பெற வழியில்லை. பாதிக்கப்பட்டவரிடம் அதை உடனே சொல்லிவிடுங்கள், வெளியானது தொலைபேசி எண் என்றால் அதை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.