ஃபோர்த்தே: 'வலிவு' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

மேலை இசைத்தாளில் எஃப் என்ற எழுத்தால் குறிக்கப்படும், உரக்க இசைக்கச் சொல்லும் 'ஃபோர்த்தே' என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் தமிழில் 'வலிவு' எனலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இத்தாலியத்தில் அச்சொல்லுக்கு வலிமையானது என்பதே பொருள் என்றாலும், சிலப்பதிகாரக் காலம்தொட்டு மெலிவு, சமன், வலிவு ஆகிய மூன்றும் தமிழிசையில் தானங்களின் (கீழ், நடு, மேல் என்னும் சுர நிலைகளின்) பெயர்களாக நிலைபெற்றுவிட்டன. வலிவு என்பது இன்று தாரஸ்தாயி என்கிறோமே, அந்த மேல் தானம். மேல் தானத்தில் தணிந்தும் கீழ்த் தானத்தில் உரத்தும் பாட முடியும் என்பதால், தானத்தையும் ஒலியளவையும் ஒரே சொல்லில் அடைப்பது மாணவரைக் குழப்பும்.

ஒலியைக் குறைத்து இசைக்கச் சொல்லும் எதிர்ச்சொல்லான 'பியானோ'வில் சிக்கல் இன்னும் பெரிது. சேலத்துத் தேவாலயப் பாடகர் குழு ஒன்றில் "மெதுவாகப் பாடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப்பேர் குரலைக் குறைப்பார்கள், மீதிப்பேர் வேகத்தைக் குறைப்பார்கள். 'மெல்ல' என்பதற்கும் இதே கதிதான்.

பிற மொழியினர் பெரும்பாலும் இத்தாலியச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். வேகக் குறிப்புகளை ஜெர்மனில் எழுதிய இசையமைப்பாளர் ஷூமன்கூட ஒலியளவுக்கு இத்தாலியக் குறிகளையே கையாண்டார். 1700ஆம் ஆண்டையொட்டி ஃபுளோரன்சில் கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய, விரல் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் கருவிக்கு இவ்விரு சொற்களும் சேர்ந்தே பெயராயின. பின்னர் ஆங்கிலம் அதைப் பியானோ என்று சுருக்கிக்கொள்ள, ரஷ்ய மொழியோ இன்றும் ஃபோர்த்தேபியானோ என்கிறது. ஆகவே, தாளில் உள்ள குறியை நாமும் மாற்ற வேண்டியதில்லை. வாயால் சொல்லிக் கற்பிக்கவே தமிழ்ச்சொல் தேவை.

என் பரிந்துரை 'உரத்து', 'தணிந்து' என்ற இணை. உரத்த குரல், தணிந்த குரல் என்பவை நம் பேச்சில் உள்ளவையே; பள்ளி அறிவியல் நூல்களிலும் ஒலியின் 'உரப்பு' என்ற சொல் இருக்கிறது. குறி பாடகருக்கு இடும் ஏவல் என்பதால் வினையெச்ச வடிவம் பொருந்தும். பெயர்ச்சொல்லாக்கி 'உரம்' என்று சுருக்க வேண்டாம்; ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் அது மூட்டையில் வந்திறங்கும் பொருள். ஃபோர்த்திசிமோ 'மிக உரத்து', மெட்சோ ஃபோர்த்தே 'சற்றே உரத்து', கிரெஷெண்டோ 'வரவர உரத்து' என இதிலிருந்தே விரிக்கலாம். கிரெஷெண்டோவை உச்சம் என்று எழுதுவோர் உண்டு; அது உச்சமன்று, ஒலி வளர்ந்துசெல்லும் போக்கு.

ஒரே சுரத்தை உரக்கத் தொடங்கி உடனே தணிக்கச் சொல்லும் எஃப்-பி குறிக்கு 'உரத்து உடன் தணிந்து' என்பது நீளமாக உள்ளது. அதற்கு மட்டும் குறுகிய வடிவம் தோன்றினால் எழுதுங்கள்.